மிளகுக்கு முதலில் மரம், அப்புறம்தான் கொடி

மிளகு வைக்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது எந்த ரகம் நல்லது என்பதைத்தான். பன்னியூர் 1 வைக்கலாமா, கரிமுண்டா வைக்கலாமா என்று நாற்றங்காலில் நின்று மணிக்கணக்கில் பேசுவார்கள். சரி, எந்த மரத்தில் ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டால், "இருக்கிற மரத்தில் விட வேண்டியதுதான்" என்பார்கள். ரகம் சரியில்லை என்றால் கொடியை மாற்றிக்கொள்ளலாம். மூன்று நான்கு வருஷத்தில் அடுத்த கொடி காய்ப்புக்கு வந்துவிடும். மரம் தப்பாக அமைந்துவிட்டால் அத்தனை சுலபமாக மாற்ற முடியாது. கொடி இருக்கும் வரை, ஒவ்வொரு மழைக்காலமும் அந்தத் தப்புக்குக் கூலி கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மிளகு பிறந்தது மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காட்டில். பெரிய மரங்களின் அடியில், அரை இருட்டில் முளைத்து, பட்டையைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்தைத் தேடி ஏறுவதுதான் அதன் இயல்பு. இந்தக் காட்சி நமக்குப் பழையது. அகநானூற்றின் 2-ஆம் பாடலில் கபிலர் 'கறிவளர் சாந்தம்' என்கிறார். கறி என்றால் மிளகு. மிளகுக்கொடி படர்ந்த சந்தன மரம். பாறைச் சுனையில் விளைந்த தேறலை, அதாவது கள்ளை, தெரியாமல் குடித்துவிட்ட கடுவன் (ஆண் குரங்கு), அந்த மரத்தில் ஏறமாட்டாமல் பூக்களின் மேலேயே படுத்துத் தூங்கிவிடுகிறது. வேடிக்கை என்னவென்றால் சந்தனமே தனித்து நிற்காத மரம். பக்கத்துச் செடிகளின் வேரில் தன் வேரைப் பொருத்தி உறிஞ்சிக்கொள்ளும் அரை ஒட்டுண்ணி அது. அதன் மேல் ஏறியிருக்கும் மிளகோ ஒட்டுண்ணி இல்லை.

இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. கொடி மரத்தின் சாரத்தை உறிஞ்சிவிடும், மா காய்க்காது, பலா பட்டுப்போகும் என்ற பயம் இன்னும் இருக்கிறது. சந்தேகம் உள்ளவர்கள் ஏறுகொடியின் கணு ஒன்றைப் பட்டையிலிருந்து மெதுவாகப் பிரித்துப் பார்க்கலாம். மரத்தைப் பார்த்த பக்கத்தில் மட்டும், சீப்புப் பல் மாதிரி குட்டை குட்டையாகப் பழுப்பு வேர்கள் வரிசையாக இருக்கும். நுனிகள் பட்டையின் வெடிப்பிலும் சொரசொரப்பிலும் அழுந்தி ஒட்டியிருக்கும். மேல்பட்டையோடு சரி, மரச்சாறு ஓடும் உள்ளடுக்கை அவை தொடுவதில்லை. அவை பிடிமானத்துக்கான வேர்கள். சாப்பாடு வருவதெல்லாம் தரையிலிருந்து, பெரும்பாலும் மேல் இரண்டடி மண்ணுக்குள் பரவியிருக்கும் வேர்களிலிருந்து. மரத்தோடு போட்டி உண்டு என்றால் அது அங்கே, மண்ணுக்குள், தண்ணீருக்கும் உரத்துக்கும்தான்.

கணுவை அப்படிப் பார்த்துவிட்டால் எந்தப் பட்டை வேண்டும் என்பதும் விளங்கிவிடும். சொரசொரப்பாக இருக்க வேண்டும், அதைவிட முக்கியமாக உரியாமல் இருக்க வேண்டும். யூகலிப்டஸ், கொய்யா மாதிரி வருஷா வருஷம் பட்டையை உரித்துப் போடும் மரத்தில் கொடி ஏறுவது, உதிரும் சுவரில் ஆணி அடிப்பது போலத்தான். பிடித்த பட்டையோடு சேர்ந்து கொடியும் கழன்று வரும்.

மிளகுக்கொடியில் எல்லாக் கிளையும் ஒன்றில்லை. நேராக மேலே ஏறும் ஏறுகொடி ஒன்று. அதன் கணுக்களிலிருந்து பக்கவாட்டில் புறப்படும் கிளைகள் இன்னொன்று. மிளகு மணிகள் கோத்துத் தொங்கும் சரம் பிடிப்பது இவற்றில்தான். அடியிலிருந்து கிளம்பித் தரையில் ஓடும் ஓடுகொடி மூன்றாவது. தரையில் ஓடும் வரை ஓடுகொடி எத்தனை நீளம் போனாலும் காய்க்காது. நாற்றுக்கு வெட்டத்தான் ஆகும். ஏறுகொடி மரத்தைப் பிடித்தால்தான் பக்கக் கிளை விடும். பிடி கிடைக்காமல் அந்தரத்தில் தொங்கினால் அதுவும் வீண். (பக்கக் கிளையை மட்டும் வெட்டி வேர்பிடிக்க வைத்தால் அது ஏறாது, தொட்டியிலேயே புதராக நின்று காய்க்கும். அது தனிக் கதை.)

ஆக, மிளகுக்கு வயல் என்பது மரத்தின் தண்டுதான். 3 மீட்டருக்கு 3 மீட்டர் இடைவெளியில் மரம் வைத்தால் ஒரு மரத்துக்குத் தரையில் 9 சதுர மீட்டர் இடம். ஏக்கருக்கு ஏறக்குறைய 450 மரம். நன்றாக மூடிய கொடி, பக்கக் கிளைகளோடு சேர்த்து ஒரு மீட்டர் விட்டமுள்ள தூண் போல 5 மீட்டர் உயரத்துக்கு நின்றால், அந்தத் தூணின் வெளிப்பரப்பு 15 சதுர மீட்டருக்கு மேல். தரையைவிட மரத்தில் இடம் அதிகம். ஆனால் அந்தப் பரப்பு முழுக்க வெளிச்சம் பட வேண்டும். தலையில் அடர்ந்த குடையை விரித்துக்கொண்டு நிற்கும் மரத்தில் மேலே மட்டும் பச்சையாக இருக்கும், இடுப்புக்குக் கீழே வெறும் கயிறாகக் கொடி தெரியும்.

தாங்கு மரத்தை வெறும் கம்பமாக நினைக்கக் கூடாது என்பதற்கு இந்த வெளிச்சம்தான் காரணம். மிளகின் தேவை வருஷத்தில் இரண்டு விதமாக மாறுகிறது, அதுவும் நேர் எதிராக.

தென்மேற்குப் பருவமழை பெறும் மலைச்சரிவை எடுத்துக்கொள்வோம். கோடை மழையும் அதைத் தொடர்ந்து பருவமழையும் விழுந்ததும் பக்கக் கிளைகளில் புதுத் தளிர் வரும். புதிய இலைக்கு எதிர்ப்பக்கத்தில் சரம் எட்டிப் பார்க்கும். தளிர் இல்லையென்றால் சரமும் இல்லை. அந்த நேரத்தில் வானம் மேகமூட்டமாக இருக்கும், கிடைக்கும் வெளிச்சமே கொஞ்சம். அதையும் மரத்தின் தழை தடுத்தால் கொடி இலையாகவும் நீளக் கணுவாகவும் வளர்ந்துகொண்டு போகுமே தவிர, சரம் குறைவாகத்தான் பிடிக்கும். எனவே மழை தொடங்கும்போது மரம் மொட்டையாக இருக்க வேண்டும்.

மழை முடிந்து, ஜனவரி, பிப்ரவரி தாண்டி வெயில் ஏறும்போது நிலைமை தலைகீழ். காட்டின் அடியில் வாழப் பழகிய செடி அது. நேர் வெயிலில் இலை மஞ்சளித்து, கருகி, உதிரும். இளங்கொடியாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. அப்போது மரத்துக்குத் தழை வேண்டும்.

ஒரே மரம் ஜூனில் மொட்டையாகவும் மார்ச்சில் குடையாகவும் நிற்க வேண்டும். கம்பத்தாலும் இது முடியாது, தன் போக்கில் விட்ட மரத்தாலும் முடியாது. கவாத்துக் கத்தியால்தான் முடியும். மழை தொடங்கும்போது ஒரு கவாத்து. வேகமாகத் துளிர்க்கும் மரமாக இருந்தால் ஜூலை, ஆகஸ்டு வாக்கில் இன்னொன்று. அதன் பிறகு கத்தியை வைத்துவிட வேண்டும். அக்டோபருக்குப் பிறகு துளிர்க்கும் தழைதான் கோடைக்கு நிழல். ஆள் கிடைக்கவில்லை என்று ஆகஸ்டில் முதல் கவாத்து எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலை நடந்துவிட்டது என்ற திருப்தி கிடைக்கும். ஆனால் சரம் வர வேண்டிய காலம் அதற்குள் போயிருக்கும். எனக்குத் தெரிந்து மிளகில் காசைத் தொலைக்கும் பெரிய ஓட்டை இதுதான். உரம் விட்டுப்போவதைவிட, ரகம் தப்பாவதைவிட.

மழைக்குச் சரத்தில் இன்னொரு வேலையும் இருக்கிறது. கீழ்நோக்கித் தொங்கும் சரத்தில் பூக்கள் காம்புப் பக்கத்திலிருந்து நுனி நோக்கி விரியும். தூறலில் சரத்தின் வழியே நீர்த்துளி இறங்கும்போது மகரந்தம் அதோடு சேர்ந்து பரவி மற்றப் பூக்களில் படியும். அடித்துப் பெய்யும் மழையைவிட விட்டுவிட்டுத் தூறும் மழை நல்லது. பூக்கும் காலத்தில் நடுவே நீண்ட வறட்சி வந்துவிட்டால், காய் பிடிக்காத இடைவெளிகளோடு, பல்போன சீப்பு மாதிரி சரம் நிற்பதைப் பார்க்கலாம்.

இந்த எதிர்எதிர்த் தேவைகளை மனதில் வைத்துப் பார்த்தால், தலைமுறை தலைமுறையாக ஏன் கல்யாண முருங்கையையே நட்டார்கள் என்பது தெரியும். முள்முருங்கை என்றும் சொல்வோம். விதை வேண்டாம், நாற்று வேண்டாம். போத்தை, அதாவது தடித்த கிளைத் துண்டை, வெட்டி நட்டால் போதும். மார்ச், ஏப்ரலில் இரண்டு மீட்டருக்குக் குறையாத போத்துகளாக வெட்டி நிழலில் சாத்தி வைப்பார்கள். மே மாதத்தில் துளிர் காட்டும். மழை விழுந்ததும் முழங்கால் ஆழத்துக்குக் குழி எடுத்து நட்டு, மண்ணை நன்றாக மிதித்து இறுக்குவார்கள். அதே மழையிலேயே பக்கத்தில் மிளகு வைத்துவிடலாம். எத்தனை முறை வெட்டினாலும் மறுபடி துளிர்க்கும். பயறு வகைக் குடும்பம் என்பதால் வேர் முடிச்சுகளில் காற்றின் தழைச்சத்தைப் பிடித்து வைக்கும். வெட்டிய தழை அப்படியே கொடிக்கு உரம். தானாகக் கோடை நெருங்கும்போது இலையை உதிர்த்துவிடும் என்பது ஒரு குறை. பருவத்தில் கவாத்து எடுத்து இளந்துளிராக வைத்திருந்தால் அதையும் ஓரளவு சமாளிக்கலாம்.

இத்தனை நல்ல மரத்துக்கு வினை, ஒன்றரை மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு குளவி வடிவில் வந்தது. முள்முருங்கைக் கொப்புளக் குளவி என்று சொல்லலாம். பெண் குளவி இளந்துளிரிலும் இலைக்காம்பிலும் முட்டையிடும். புழு உள்ளே வளர வளர அந்த இடம் கட்டி கட்டியாக வீங்கி, இலை சுருண்டு, துளிர் முழுக்கக் கொப்புளக் கொத்தாகிவிடும். திரும்பத் திரும்பத் துளிர்த்து, திரும்பத் திரும்பக் கெட்டு, மரம் ஓய்ந்து செத்துப்போகும். 2004-இல்தான் இதை ஒரு புதிய இனம் என்று அறிவியல் பெயர் சூட்டினார்கள். 2005-இல் ஹவாய்த் தீவுகள், 2006-இல் கேரளம் என்று கண்டம் தாண்டிப் பரவியது. கவனித்தால் ஒன்று தெரியும்: அடிக்கடி துளிர்ப்பது என்ற எந்தக் குணத்துக்காக இந்த மரத்தை விரும்பினோமோ, அந்த இளந்துளிர்தான் குளவிக்கு முட்டையிடும் இடம். மரம் செத்தபோது அதில் நன்றாகக் காய்த்துக்கொண்டிருந்த கொடிகளும் சேர்ந்து விழுந்தன. தோட்டம் முழுக்க ஒரே மர வகை வைக்காதீர்கள் என்று இப்போது சொல்வது அந்த அடிக்குப் பிறகுதான்.

அந்த இடத்துக்குப் பெரும்பாலும் வந்தது கிளைரிசிடியா. அதுவும் பயறு வகை, போத்திலிருந்தே வரும், தழை ஏராளம். குறை வேரில் இருக்கிறது. போத்திலிருந்து வந்த மரத்துக்கு ஆணிவேர் கிடையாது. மழையில் நனைந்த கொடியின் பாரமும் காற்றும் சேரும்போது அடியோடு சாயும். காற்று வீசும் சரிவாக இருந்தால், கொஞ்சம் பொறுமையாக விதையிலிருந்து வளர்த்த கன்றை நடுவது நல்லது. இன்னொன்று, இது கேட்கும் கவாத்து அதிகம். வருஷத்துக்கு மூன்று நான்கு முறை கை வைக்காவிட்டால் காடாகிவிடும். ஆள் பஞ்சம் உள்ள தோட்டத்தில் கிளைரிசிடியா வைப்பதற்கு முன் இதை யோசித்துக்கொள்ள வேண்டும்.

சில்வர் ஓக் அதற்கு எதிர்த்துருவம். நேரான தண்டு, மெல்லிய தழை வழியாக இறங்கும் சல்லடை வெளிச்சம், கடைசியில் வெட்டுமரத்துக்கும் ஆகும். காப்பி, தேயிலைத் தோட்டங்களில் ஏற்கெனவே நிழலுக்காக நிற்பதால் அதில் மிளகு ஏற்றுவது இயல்பாக நடந்தது. ஆனால் இது கன்று வைத்து வளர வேண்டிய மரம். கொடியைத் தாங்கும் அளவுக்கு வர மூன்று வருஷமாவது ஆகும். அதுவரை காத்திருக்க மனமில்லாதவர்கள் சில்வர் ஓக் கன்றுக்குப் பக்கத்திலேயே ஒரு முள்முருங்கைப் போத்தை நட்டு, கொடியை முதலில் அதில் ஏற்றி, அப்புறம் மரத்துக்கு மாற்றிவிடுவார்கள். சில்வர் ஓக்கின் பெரிய பிரச்சினை உயரம். கொடி மரத்தோடு போட்டி போட்டுக்கொண்டு ஏறும், பறிக்க ஏணியோடு ஆளும் ஏற வேண்டும். முப்பதடி, நாற்பதடி உயரத்தில், ஈர மரத்தில் சாத்திய ஒற்றை ஏணியில் நின்று, ஒரு கையால் சரம் பறிப்பது எல்லோராலும் ஆகிற வேலையில்லை. 5, 6 மீட்டரில் கொடியின் தலையைக் கிள்ளி நிறுத்துவதை விளைச்சல் நஷ்டமாக நினைக்கிறார்கள். பறிக்க முடியாத மிளகு விளைச்சலில் சேராது என்பது என் கட்சி.

பலா, மா பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பட்டை அருமை, நிழல்தான் அதிகம். வீட்டோரம் நாலு மரத்துக்குச் சரி, தோட்டமாகப் போடச் சரிவராது.

பாக்கும் தென்னையும் வேறு கணக்கு. இவற்றில் வெட்டக் கிளையே இல்லை. எனவே நிழலை நிர்ணயிப்பது கத்தியல்ல, முதல் நாள் விட்ட இடைவெளி. நெருக்கமாக நட்ட பாக்குத் தோப்பில் மிளகு ஏற்றிவிட்டு வெளிச்சம் போதவில்லை என்று வருந்திப் பயனில்லை. தென்னையின் அடியில் வேர் பாய் பின்னியது போல இருக்கும். அதனால் குழியை ஒரு மீட்டருக்கு மேல் தள்ளி எடுத்து, கொடியைத் தரை வழியே கூட்டிப்போய் மரத்தில் ஏற்றுவார்கள். இதில் மறைந்திருக்கும் ஒரு தொல்லையும் உண்டு. மிளகின் வேரைத் துளைத்துக் கொடியை மெல்ல மெல்லச் சாகடிக்கும் நூற்புழுக்களில் ஒன்று பாக்கு, தென்னை, வாழை வேர்களிலும் வாழ்வது.

இத்தனை வம்பு எதற்கு, சிமெண்ட் தூணை நட்டுவிட்டால் போகாதா என்ற கேள்வி நியாயமானதுதான். மலேசியாவின் சரவாக்கில் பெலியன் என்ற இரும்பு மாதிரியான கட்டைகளை நட்டார்கள். வியட்நாமில் சிமெண்டிலும் செங்கலிலும் தூண் எழுப்பி, நெருக்கமாக நட்டு, உரத்தையும் தண்ணீரையும் கொட்டி, 2000-களின் தொடக்கத்தில் உலகிலேயே அதிகம் விளைவிக்கும் நாடாகவே ஆகிவிட்டார்கள். தூண் நிழல் போடாது, தண்ணீருக்குப் போட்டி போடாது, சாகாது. முழு வெளிச்சத்தில் கொடி சீக்கிரம் மூடி நிறையக் காய்க்கும். அதில் பொய் இல்லை. ஆனால் கன்றாக இருக்கும்போது வலை கட்டி நிழல் கொடுக்க வேண்டும், வெயிலில் தூண் சுடும், காய்க்கிற வேகத்துக்கு ஈடாக உரமும் தண்ணீரும் நிற்காமல் போக வேண்டும். நெருக்கமும் தேங்கிய ஈரமும் சேர்ந்த இடங்களில் வாடல் நோயும் நூற்புழுவும் நுழைந்தபோது, மத்திய மேட்டுநிலத்தில் தோட்டம் தோட்டமாகச் செத்தன. அதற்குப் பிறகு அங்கேயும் உயிர் மரத்தின் பக்கம் பேச்சு திரும்பியது. தண்ணீரும் முதலும் தட்டுப்பாடில்லாத, சமதளத் தோட்டக்காரருக்குத் தூண் சரிப்படலாம். மானாவாரிச் சரிவில் இருப்பவருக்கு மரம்தான்.

நடும்போது ஒரு சின்ன விஷயம்: கொடியை மரத்தின் வடக்குப் பக்கம் வைக்க வேண்டும். டிசம்பரிலிருந்து மார்ச் வரை சூரியன் தெற்கே சாய்ந்து போகும், பிற்பகல் வெயில் தென்மேற்கிலிருந்து அடிக்கும். வடக்கே வைத்த கன்றுக்கு மரத்தின் தண்டே மறைப்பு. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பவர்கள் இதைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். குழி மரத்தை ஒட்டி வேண்டாம், ஓரடி தள்ளி. கொடி இரண்டு கணு விட்டதும் நார் அல்லது பழைய துணிக் கிழிசலால் மரத்தோடு தளர்வாகக் கட்டிக்கொண்டே வர வேண்டும். கட்டாமல் விட்ட கொடி காற்றில் ஆடும், ஆடும் கணு வேர் பிடிக்காது.

வாடல் நோயைத் தடுப்பதிலும் மரத்துக்குப் பங்குண்டு. மண்ணில் இருக்கும் பைட்டோப்தோரா என்ற நோய்க்கிருமி, மழைத்துளி தரையில் அடித்துத் தெறிக்கும் சேற்றோடு கீழ் இலைகளுக்கு ஏறுகிறது. அதனால்தான் மழைக்கு முன்பே தரையில் கிடக்கும் ஓடுகொடிகளை அறுத்தோ, மரத்தோடு தூக்கிக் கட்டியோ விடுவது. நிழல் கழித்த மரத்தில் இலை சீக்கிரம் காயும், அந்தக் கிருமிக்குப் பிடி குறையும். மிளகைக் குடைந்து பொள்ளாக்கும் வண்டும் நிழல் அடர்ந்த கொடிகளையே அதிகம் நாடுகிறது. நோயை அடக்கப் போடும் போர்டோ கலவை, டிரைக்கோடெர்மா எல்லாம் வேண்டும்தான், ஆனால் கவாத்து எடுக்காத தோட்டத்தில் அவற்றைப் போட்டுப் பெரிய பலன் பார்க்க முடியாது. கழித்த தழையை மூடாக்காகப் போடும்போது கொடியின் தூரை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் விட்டுப் போடுங்கள். தூரில் ஈரம் தங்கினால் அழுகலுக்கு அழைப்பு வைத்த மாதிரி.

எல்லாம் சரியாகச் செய்தாலும் மரம் கொடிக்கு முன்னால் போய்விடுவது உண்டு. மேல் கிளைகள் துளிர்க்காமல் நிற்பது, பட்டையைத் தட்டினால் பொத்தென்ற சத்தம், அடியில் தூள் கொட்டுவது எல்லாம் அதற்கு அறிகுறி. தாமதிக்காமல், அடுத்த மழை விழுந்ததுமே, ஓரடி தள்ளி இன்னொரு போத்தை ஊன்றிவிட வேண்டும். இளங்கொடி மாதிரி பழைய கொடியைப் பிரித்துப் புது மரத்துக்குக் கொண்டுபோக முடியாது. முதிர்ந்த கணுவைப் பிரித்தால் மறுபடி ஒட்டாது. ஆனால் அதே கொடியின் அடியிலிருந்து கிளம்பும் ஓடுகொடிகளில் திடமான இரண்டை வெட்டாமல் விட்டு, புதுப் போத்தில் ஏற்றிக் கட்டலாம். ஏற்கெனவே மண்ணில் ஊன்றிய வேர் கீழே இருப்பதால் அவை நாற்றைவிட வேகமாக ஏறும். பழைய மரம் சாயும்போது புது மரத்தில் கொடி ஆள் உயரத்துக்கு வந்திருந்தால் போதும்.